வாங்குவதற்கு முன் திருத்துகிறவரைக் கேளுங்கள்

புதிதாகச் சலவை இயந்திரமோ குளிர்சாதனப் பெட்டியோ வாங்கப் போகிறவர்கள், எது நல்லது என்று அக்கம்பக்கத்தில் நாலு பேரிடம் விசாரிப்பது எங்கள் ஊர் வழக்கம். என்னிடமும் கேட்பார்கள். நான் தையல் தொழில் செய்கிறவள். யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் வீட்டோடு ஒட்டிய ஒரு சின்ன அறைதான் என் தொழிற்கூடம். நாள் முழுவதும் மிசினோடு இருக்கிறவளுக்கு இதெல்லாம் தெரிந்திருக்கும் என்று எண்ணிக் கேட்கிறார்கள். என் பதில் எப்போதும் ஒன்றுதான். கடைக்குப் போகிற வழியில், உங்கள் பகுதியில் மின்பொருள் திருத்துகிறவரிடம் ஒரு நடை போங்கள். "இது பழுதானால் உங்களால் கழற்றிப் பார்க்க முடியுமா, இதன் சாமான் இங்கே கிடைக்குமா" என்று கேளுங்கள். அவர் தலையாட்டினால் வாங்குங்கள். உதட்டைப் பிதுக்கினால், எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

என் வயதுக்காரர்களுக்கு இந்தப் பாடத்தை 1990 ஆம் ஆண்டு கற்றுத் தந்தது. அந்த ஆண்டின் நடுவில் போர் மறுபடி தொடங்கியதும் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு வந்துகொண்டிருந்த மின்சாரம் நின்றது. பின்னாலேயே பொருளாதாரத் தடை. மண்ணெண்ணெய்க்கும் பெற்றோலுக்கும் பற்றரிக்கும் சவர்க்காரத்துக்கும் அலைந்தோம். அதுவரை வீட்டுக்குள் ஒன்றாக இருந்த பொருள்கள் சில கிழமைகளுக்குள் இரண்டு கூட்டமாகப் பிரிந்துவிட்டன. தொலைக்காட்சியைத் துணி போட்டு மூடினோம். குளிர்சாதனப் பெட்டி இருந்த வீடுகளில் எலி புகாது என்று அதற்குள் அரிசியும் மாவும் வைத்தார்கள். அம்மியும் ஆட்டுக்கல்லும் திரிகையும் குசினிக்குத் திரும்பின. சைக்கிள், தையல் மிசின், அரிக்கன் லாம்பு ஆகியவற்றை வைத்துத்தான் குடும்பம் நடந்தது.

அந்த நாட்களின் ஜாம் போத்தல் விளக்கை இன்றைய பிள்ளைகளுக்குச் செய்து காட்ட வேண்டும் என்று எனக்கு ஆசை. சிறிய ஜாம் போத்தலின் அடியில் பஞ்சு வைத்து, அது நனையும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விட்டு, சைக்கிள் வால்வுக் குழாயில் நூல்திரி கோத்து எரிப்போம். அரிக்கன் லாம்பு குடிக்கிற எண்ணெயில் மிகச் சிறு பங்குதான் அதற்குத் தேவை. சாதாரண தரப் பரீட்சைக்கும் உயர்தரப் பரீட்சைக்கும் அந்த வெளிச்சத்தில் படித்தவர்கள் எத்தனையோ பேர். வானொலிக்குப் பற்றரி கிடையாது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி அண்ணா கையால் பெடலைச் சுற்ற, டைனமோவில் வருகிற மின்சாரத்தில் ஐயா செய்தி கேட்பார். மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. கிளப்புவதற்கு மட்டும் சில துளி பெற்றோல். கார்பரேட்டர் வைத்த பழைய எஞ்சின் என்பதால் அது சாத்தியமாயிற்று. எரிபொருளைக் கணினி அளந்து தெளிக்கிற இன்றைய எஞ்சினில் அந்த வேலை நடக்காது. பொருள் எளிமையாக இருந்தால், அதைச் செய்தவன் நினைத்தே பார்க்காத நிலைமைக்கும் அதை வளைத்துக்கொள்ளலாம். எங்கள் ஊர் ஓர் ஆண்டல்ல, பல ஆண்டுகள் இப்படி வளைத்துத்தான் வாழ்ந்தது.

அம்மாவின் தையல் மிசினைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். கறுப்பு நிறம், காலால் மிதிக்கிற சிங்கர். அந்த நிறுவனம் இலங்கையில் கால்வைத்தது 1877 இல்; தவணைக்கு மிசின் கொடுத்தே வீடு வீடாக நுழைந்தது. அம்மா வாங்கியதும் தவணைக்குத்தான். அடித்தட்டில் பொறித்த இலக்கம் ஆங்கில 'ஈ' எழுத்தில் தொடங்குகிறது. அப்படித் தொடங்கினால் ஸ்கொட்லாந்தின் கிளைட்பாங்க் தொழிற்சாலையில் வார்த்தது என்று அர்த்தம். அந்தத் தொழிற்சாலையையே 1980 இல் மூடிவிட்டார்கள். மிசின் இன்றைக்கும் என் அறையில் ஓடுகிறது. தடித்த ஜீன்ஸ் துணியின் மடிப்பைத் தைக்க வேண்டுமென்றால் அதைத்தான் தேடிப் போகிறேன்.

1995 ஒக்டோபர் 30 ஆம் தேதி போரால் இடம்பெயர்ந்து எங்கள் வலிகாமப் பகுதி முழுவதும் கிழக்கே தென்மராட்சியை நோக்கி நடந்தபோது, அம்மா எடுத்த பொருள்களில் முதலாவது இந்த மிசினின் தலை. பின்பக்கம் இரண்டு திருகாணிகளைத் தளர்த்தினால் தலை கழன்று கையோடு வந்துவிடும். சாக்கில் சுற்றிச் சைக்கிள் கரியரில் கட்டினார்கள். கால் மிதியோடு கூடிய இரும்புத் தாங்கியை வீட்டிலேயே விட்டுவிட வேண்டியதாயிற்று. போய்ச் சேர்ந்த இடத்தில், அடியில் இருக்கிற தண்டுகள் தரையில் இடிக்காதபடி இரண்டு பலகைத் துண்டுகளின் மேல் தலையை வைத்து, வலக்கையால் சக்கரத்தைச் சுற்றி இடக்கையால் துணியைத் தள்ளித் தைத்தார் அம்மா. மெதுவான வேலைதான். ஆனாலும் சட்டையும் பாவாடையும் தைத்துக் கொடுத்து அரிசி வாங்க முடிந்தது. மறு ஆண்டு ஊர் திரும்பியபோது கதவும் சன்னலும் போயிருந்தன. இரும்புத் தாங்கி மட்டும் கறல் பிடித்து வளவுக்குள் கிடந்தது. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்து, தோல் வாரை மாற்றி, தலையை மறுபடி பூட்டினோம்.

அந்தக் காலத்து மனிதர்கள் நேர்மையானவர்கள், அதனால் பொருளும் உழைத்தது என்று சிலர் சொல்வார்கள். நான் அப்படிப் பார்ப்பதில்லை. அந்த மிசினுக்குள் மறைவிடம் என்று ஒன்றுமே கிடையாது. பக்கத்துத் தகட்டைக் கழற்றினால் ஊசித்தண்டு எப்படி ஏறி இறங்குகிறது என்று தெரியும். அடியைக் கவிழ்த்தால் துணியைத் தள்ளுகிற பல்லின் அசைவு தெரியும். தேய்மானம் வருகிற இடங்களில் இறுக்கிக்கொள்வதற்கு அநேகமாகத் திருகாணி வைத்திருக்கிறார்கள். ஊசி, பொபின், வார் எல்லாம் எந்தத் தையல் சாமான் கடையிலும் கிடைக்கும். பழுது எங்கே என்று கண்ணால் பார்த்துக் கையால் சரிசெய்யலாம்.

இப்படியொரு மிசின் வீட்டில் மூலையில் கிடந்தால் தயவுசெய்து விற்றுவிடாதீர்கள். சக்கரம் சுற்றாமல் இறுகியிருந்தால் பெரும்பாலும் பழைய எண்ணெய் பிசினாகிப் பிடித்திருக்கும். எங்கள் வீடுகளில் தேங்காய் எண்ணெய் விடுகிற பழக்கம் உண்டு. அதுதான் மிசினுக்கு முதல் எதிரி. சில மாதங்களில் அரக்குப் போல உறைந்துவிடும். எண்ணெய்த் துளைகள் எல்லாவற்றிலும் மண்ணெண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவிடுங்கள். காலையில் சக்கரத்தை முன்னும் பின்னும் மெல்ல அசைத்துப் பாருங்கள், பலவந்தம் வேண்டாம். இளகியதும் அழுக்கைத் துடைத்துவிட்டு, கடையில் சின்னப் போத்தலில் விற்கிற தையல் மிசின் எண்ணெயை ஒவ்வொரு துளைக்கும் ஒரு துளி விடுங்கள். பல்லுக்குக் கீழே தும்பு அடைந்து கிடக்கும். ஊசித் தட்டைக் கழற்றிப் பழைய பல் துலக்கியால் எடுத்துவிடுங்கள். வார் தளர்ந்திருந்தால் ஒரு சிறு துண்டு வெட்டிவிட்டு மறுபடி கம்பி கொழுவினால் போதும். இவ்வளவுக்கும் ஒரு ஸ்குரூ டிரைவர்தான் தேவை.

கனடாவில் இருக்கிற உறவினர் ஒருவர் அன்போடு கொண்டுவந்து தந்த மின்னணுத் தையல் மிசினும் என்னிடம் உண்டு. அதன் காஜா வேலை அவ்வளவு சுத்தம். அம்மாவின் மிசினால் கனவிலும் அப்படிச் செய்ய முடியாது. ஆனால் கனடாவின் மின்சாரம் 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். எங்களுடையது 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். டிரான்ஸ்போமர் வைத்து வோல்ட்டைக் குறைக்கலாம். ஹேர்ட்ஸை அது மாற்றாது. தையல் மிசினில் இருக்கிற சிறிய மோட்டர் அதைப் பொறுத்துக்கொள்ளும். குளிர்சாதனப் பெட்டி, நீர்ப்பம்பி போன்றவற்றின் மோட்டர்கள் மெதுவாக ஓடிச் சூடேறும். லண்டனிலிருந்தோ பாரிஸிலிருந்தோ சுவிஸிலிருந்தோ வருகிற பொருளுக்கு இந்தத் தொல்லை இல்லை. அங்கேயும் 230, 50 தான். வெளிநாட்டுச் சொந்தம் பொருள் கொண்டுவரப் போகிறேன் என்றால், அதன் பின்பக்கத் தகட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நூறிலிருந்து 240 வரை என்று அச்சடித்திருந்தால் கவலை இல்லை. 120 என்று மட்டும் இருந்தால் அந்தப் பணத்தைக் கையில் தரச் சொல்லிவிட்டு இங்கேயே வாங்குவது நல்லது. இதைச் சொல்லக் கூச்சப்படத் தேவையில்லை. பல வீடுகளில் அலுமாரிக்கு மேல் பெட்டி பிரிக்காமல் இருக்கிற பரிசுகள் இந்த ஒரு காரணத்தால்தான் அங்கே இருக்கின்றன.

சலவை இயந்திரத்தில்தான் பழையதும் புதியதும் எனக்கு நேருக்கு நேர் மோதின. எங்கள் வீட்டில் முதலில் இருந்தது இரட்டைத் தொட்டி இயந்திரம். ஒரு பக்கம் தோய்க்கும், மற்றப் பக்கம் பிழியும். மணிக்கூட்டைப் போல முறுக்கிவிடுகிற குமிழ்கள். தண்ணீரை நாமே விட வேண்டும், துணியை நாமே ஒரு தொட்டியிலிருந்து மற்றதற்கு மாற்ற வேண்டும். வார் அறுந்தது, பிழிகிற பக்கத்தின் பிரேக் தேய்ந்தது, கப்பாசிற்றர் போனது. ஒவ்வொரு தடவையும் எங்கள் ஒழுங்கை முனையில் கடை வைத்திருக்கிற அண்ணை வந்து கிணற்றடியிலேயே இருந்து திருத்திவிட்டுப் போனார். அதன் தகரம் உப்புக் காற்றில் அரித்துக் கிழிந்த பிறகுதான் முழுத் தானியங்கி ஒன்று வாங்கினோம்.

அது ஓடிய காலத்தில் நன்றாகவே ஓடியது. ஒரு மழைநாள் காலை பொத்தானை அழுத்தினால் எந்த வெளிச்சமும் வரவில்லை. அண்ணை பின்மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த மின்னணுப் போர்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். ஒரு பல்லிக் குஞ்சு இரண்டு செப்புத் தடங்களுக்குக் குறுக்கே கருகி ஒட்டிக்கிடந்தது. அதைச் சுற்றி விரல் நகம் அளவுக்கு ஒரு கறுப்பு வட்டம். போர்ட் முழுவதும் கண்ணாடி போன்ற பசை ஊற்றி மூடியிருந்தார்கள். ஓரத்தில் பசை படாத ஓர் இணைப்பு இருந்தது, பல்லி போனது அங்கேதான். "தங்கச்சி, கருகிய துண்டு இருபது ரூபாய்ச் சாமான். ஆனால் இந்தப் பசைக்குக் கீழே எனக்குக் கை போகாது" என்றார். சேவை நிலையத்தில் விசாரித்தபோது, போர்டை முழுதாகத்தான் மாற்றுவோம், கொழும்பிலிருந்து வர வேண்டும், விலை புது இயந்திரத்தின் பாதியைத் தாண்டும் என்றார்கள். மோட்டர் நல்லது, தொட்டி நல்லது, பம்பி நல்லது. உள்ளங்கை அளவு போர்டுக்காக ஆள் உயர இயந்திரம் வேலைக்கு உதவாமல் நின்றது. எனக்குக் கோபம் வந்தது. இப்போது நினைத்தாலும் வருகிறது. அந்த ஓர் இணைப்புக்கும் மூடி வைக்கப் பெரிய செலவு ஆகியிராது.

இப்போது என்னிடம் மறுபடி இரட்டைத் தொட்டிதான். தானியங்கி வைத்திருக்கிறவர்கள் அதன் பின்பக்கத் துவாரங்களை நுண்ணிய கம்பி வலையால் மூடிவிடுங்கள்; காற்று போக வேண்டும், பல்லியும் கரப்பானும் எறும்பும் போகக் கூடாது. எறும்பு ஆளிகளுக்குள் புகுந்து இணைப்பு படாமல் செய்துவிடும். வேலை முடிந்ததும் பிளக்கைக் கழற்றி வைப்பது இன்னும் நல்லது. ஐப்பசி, கார்த்திகையில் இடி முழங்கத் தொடங்கினால் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையே இழுத்துவிடுங்கள்.

எங்கள் ஊருக்கே உரிய இன்னொரு தொல்லை தண்ணீர். குடாநாட்டின் அடியில் சுண்ணாம்புக்கல். கிணற்றுத் தண்ணீர் அந்தக் கல்லின் வழியே வருவதால் கடினத்தன்மை கூடியது. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்திருப்பீர்கள். அதே படிவுதான் சலவை இயந்திரத்தின் சூடாக்கியிலும், குளியலறை ஹீட்டரிலும், நீராவி அயன் பெட்டியின் துளைகளிலும் படிகிறது. நீராவி அயன் பெட்டிக்குக் கிணற்றுத் தண்ணீர் விடுகிற வீட்டில் அது நீண்ட நாள் உழைக்காது. ஒரு நாள் வெள்ளைச் சட்டையில் சுண்ணாம்புத் துளிகளைக் கக்கும். மழைநீர் பிடித்து வடித்து வைத்து அதை விடுங்கள். அல்லது நான் செய்வது போல, நீராவி இல்லாத சாதாரண அயன் பெட்டியை வைத்துக்கொண்டு துணியில் தண்ணீர் தெளித்துத் தேயுங்கள். அதற்குள் இருப்பது ஒரு சூடாக்கியும், வெப்பத்தில் வளைந்து இணைப்பைத் துண்டிக்கிற ஓர் இரட்டை உலோகத் தகடும்தான். கேத்தலுக்கு மாதம் ஒருமுறை வினாகிரியோ தேசிக்காய்ச் சாறோ தண்ணீரோடு கலந்து கொதிக்க வைத்து ஊற்றினால் படிவு கழரும். தானியங்கிச் சலவை இயந்திரத்துக்குத் தண்ணீர் வருகிற குழாயின் வாயில் ஒரு சிறு வலை இருக்கிறது. தண்ணீர் மெதுவாக வருகிறது, இயந்திரம் பாதியில் நிற்கிறது என்றால் அந்த வலையைக் கழற்றிக் கழுவிப் பார்த்த பிறகு ஆளைக் கூப்பிடுங்கள்.

எளிய பொருள் என்றால் பழைய பொருள் என்று அர்த்தமில்லை. ஒற்றை ஆளி வைத்த ரைஸ் குக்கரை எடுத்துக்கொள்ளுங்கள். உள்சட்டியைத் தூக்கினால், சூடாகிற தட்டின் நடுவில் ஸ்பிரிங்கோடு ஒரு வட்டக் குமிழ் தெரியும். அதன் மேற்பகுதி ஒரு தனி உலோகக் கலவை. அதன் அடியில் காந்தம். ஆளியை அழுத்தும்போது இரண்டும் ஒட்டிக்கொள்ளும். சட்டியில் தண்ணீர் இருக்கிறவரை அடியின் வெப்பம் 100 பாகை செல்சியஸ் அளவிலேயே நிற்கும். அரிசி தண்ணீரைக் குடித்து முடித்ததும் வெப்பம் ஏறத் தொடங்கும். சில பாகைகள் ஏறியதும் அந்தக் கலவை காந்தத்தால் இழுபடுகிற குணத்தை இழந்துவிடும். ஸ்பிரிங் தள்ளும், ஆளி விழும், சோறு தயார். இதில் கணினியும் இல்லை, திரையும் இல்லை. இயற்கையின் ஒரு குணத்தை வைத்தே எப்போது நிறுத்த வேண்டும் என்று அறிந்துகொள்கிற இந்த அமைப்பைக் கண்டுபிடித்த மூளையை நான் ஒவ்வொரு மத்தியானமும் மனத்துக்குள் பாராட்டுகிறேன். அந்தக் குமிழுக்கும் சட்டிக்கும் இடையில் ஒரு பருக்கை சிக்கினால் கணக்குத் தப்பும். சோறு அடிப்பிடிக்கும் அல்லது அரைவேக்காடாகும். சட்டியின் அடியைத் துடைத்து வைப்பதும், நிலத்தில் போட்டு நெளிக்காமல் இருப்பதுமே அதற்குத் தேவையான பராமரிப்பு. பதினாறு பொத்தான் வைத்தது பதினாறு வகை சோறு சமைக்குமா என்று கடையில் கேட்டுப் பாருங்கள்.

இனி மறுபக்கம். ஒரு நாள் அண்ணையிடம், பழையவை எல்லாம் எவ்வளவு நன்றாக உழைத்தன என்று நான் சொல்லிக்கொண்டிருந்தபோது அவர் என்னை நிறுத்தினார். "என் கடையின் பின்பக்கம் வாருங்கள். செத்துப்போன பழையவை எத்தனை கிடக்கின்றன என்று பாருங்கள். உங்கள் கண்ணில் படுகிறவை தப்பிப் பிழைத்தவை மட்டும்தானே" என்றார். அவர் சொன்னது சரி. அம்மாவின் மிசின் நினைவில் நிற்கிறது; அதே காலத்தில் வாங்கி இரண்டு வருடத்தில் போன ரொட்டி வாட்டியின் நிறம்கூட எனக்கு மறந்துவிட்டது. விலையையும் பார்க்க வேண்டும். அம்மா அந்த மிசினுக்குக் கட்டிய தவணை வீட்டு வருமானத்தில் பெரிய பங்கை விழுங்கியது. அந்தப் பங்கை இன்று ஒரு மிசினுக்குக் கொடுக்க முன்வந்தால் இன்றும் நல்ல இரும்பில் செய்த மிசின் கிடைக்கும். மலிவு விலைப் பொருளைப் பழைய விலையுயர்ந்த பொருளோடு ஒப்பிட்டு மூக்கால் அழுவது நியாயமாகாது.

சில விஷயங்களில் புதியதே சிறந்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. 60 வாட் பழைய மின்குமிழ் தந்த வெளிச்சத்தை இன்று 9 வாட் எல்.ஈ.டி. தருகிறது. பழைய மின்குமிழை நீண்ட ஆயுளுக்குச் செய்ய முடிந்தும், 1924 இல் ஜெனீவாவில் கூடிய பெரிய உற்பத்தியாளர்கள் ஆயிரம் மணித்தியாலத்துக்கு மேல் எரியக் கூடாது என்று தங்களுக்குள் உடன்பாடு செய்துகொண்ட வரலாறும் உண்டு. ஆகவே வேண்டுமென்றே ஆயுளைக் குறைக்கிற பழக்கம் நேற்று வந்ததல்ல. பழைய குளிர்சாதனப் பெட்டிகள் பல வருடம் ஓடின. மின்சாரத்தையும் அள்ளிக் குடித்தன. ஓசோன் படலத்தை அரிக்கிற வாயுவும் அவற்றுக்குள் இருந்தது. 1987 இன் மொன்றியல் உடன்படிக்கைக்குப் பிறகே அது படிப்படியாக நின்றது. பழைய வயர்களின் உறை வெடித்திருக்கும், எர்த் கம்பி இருக்காது. தொட்டால் சுள்ளென்று இழுக்கிற பழைய அயன் பெட்டியைப் பாசத்துக்காக வைத்திருப்பது உயிரோடு விளையாடுவது. எந்தப் பழைய பொருளையும் ஓடவிடுவதற்கு முன் வயரையும் பிளக்கையும் மாற்றுங்கள். மின்கசிவு வந்தால் தானாக விழுகிற வீட்டு ட்ரிப் சுவிட்சில் இருக்கிற சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்தி விழுகிறதா என்று பாருங்கள். எங்கள் நிலத்தில் மண் மெல்லியது, கீழே கல். கோடையில் எர்த் கம்பி இறக்கிய இடம் காய்ந்துபோகும். அங்கே தண்ணீர் ஊற்றி ஈரமாக வைத்திருங்கள்.

குளிர்சாதனப் பெட்டியில் நான் புதியதின் பக்கம். கொம்பிரசரின் வேகத்தைத் தேவைக்கேற்ப மாற்றுகிற இன்வெர்ட்டர் வகை மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிறது, சத்தமும் இல்லை. ஆனால் அதிலும் ஒரு போர்ட் இருக்கிறது. மின்வெட்டு முடிந்து மின்சாரம் திரும்புகிற நொடியில் வருகிற ஏற்ற இறக்கமே அதற்கு எமன். ஆகவே மின்சாரம் வந்து சில நிமிடங்கள் தாமதித்து இணைப்புக் கொடுக்கிற பாதுகாப்புக் கருவி ஒன்றை அதோடு சேர்த்தே வாங்குங்கள். பழைய வகைப் பெட்டிக்கும் இது தேவைதான். நின்ற உடனே மறுபடி ஓட முயன்றால் உள்ளே வாயுவின் அழுத்தம் சமப்படாததால் கொம்பிரசர் திணறும். கருவி இல்லாதவர்கள் மின்சாரம் போனதும் பிளக்கைக் கழற்றிவிட்டு, வந்து ஐந்து நிமிடம் கழித்துச் செருகலாம். மின்விசிறியிலும் இப்படித்தான். ரிமோட் வைத்த புதிய வகை ஏறத்தாழ 30 வாட்டில் ஓடும், பழையது 75 வாட் அளவில் எடுக்கும். இரவு பகலாக ஓடுகிற அறைக்குப் புதியது, எப்போதாவது ஓடுகிற விறாந்தைக்குப் பழையது என்று நான் வைத்திருக்கிறேன். பழைய விசிறி மெதுவாகச் சுற்றினால் மோட்டர் போய்விட்டது என்று முடிவுகட்டாதீர்கள். பெரும்பாலும் கப்பாசிற்றர்தான் களைத்திருக்கும். மாற்றினால் அன்றே பழைய வேகம்.

2022 ஆம் ஆண்டு இந்த எல்லாவற்றையும் இன்னொரு முறை சோதித்தது. மார்ச் மாதக் கடைசியில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை மின்சாரம் இல்லை. எரிவாயு இல்லை, பெற்றோலுக்கு வரிசை. டொலரின் விலை ஏறி, இறக்குமதிக் கட்டுப்பாடும் சேர்ந்து, உதிரிப்பாகம் எதுவும் ஒழுங்காக வரவில்லை. விறகு அடுப்பை இடிக்காமல் வைத்திருந்த வீடுகள் தப்பின. நான் கால் மிசினில் தைத்தேன். அந்த மாதங்களில் என்னிடம் வேலை கூடியதே தவிரக் குறையவில்லை. மின் மிசின் மட்டும் வைத்திருந்த தையல்காரர்கள் மின்சாரம் வருகிற நேரம் பார்த்து நள்ளிரவில் தைத்தார்கள். அண்ணையின் கடையில் பொருள்கள் வாசல் வரை நின்றன. கையிருப்பில் கார்பன் பிரஷும் வாரும் கப்பாசிற்றரும் வைத்திருந்தவர்களுக்கு அவர் உடனே திருத்திக் கொடுத்தார். மற்றவர்கள் காத்திருந்தார்கள்.

அதிலிருந்து, பொருள் வாங்குகிற அன்றே தேய்கிற சாமான்களையும் சேர்த்து வாங்கி லாச்சியில் போட்டுவிடுகிறேன். மிக்ஸிக்கு ஒரு சோடி கார்பன் பிரஷும் ஜாருக்கு அடியில் இருக்கிற இணைப்பியும், சலவை இயந்திரத்துக்கு வார், விசிறிக்குக் கப்பாசிற்றர். ஒரு பையில் எந்தப் பொருளுடையது என்று எழுதி ஒட்டி வைத்தால் போதும். கடைக்காரர் "இதற்குச் சாமான் தனியாக வராது" என்றால் அந்தப் பதிலே உங்களுக்குத் தேவையான தகவல். கடையில் நின்றபடியே பொருளைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் சாதாரணத் திருகாணி தெரிகிறதா, அல்லது பசையாலும் ஆணியாலும் மூடியிருக்கிறார்களா? ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச்சிலிருந்து சலவை இயந்திரத்துக்குப் பத்து வருடம், குளிர்சாதனப் பெட்டிக்கு ஏழு வருடம் குறிப்பிட்ட உதிரிப்பாகங்கள் கிடைக்கச் செய்ய வேண்டும் என்று சட்டமே போட்டிருக்கிறார்கள். இங்கே அந்தக் கேள்வியை வாங்குகிற நாம்தான் கேட்க வேண்டும்.

திருத்துகிறவர்களைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். புதுப் பொருளுக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கும்போது பேசாமல் இருக்கிறவர்கள், அண்ணை ஐந்நூறு ரூபாய் கேட்டால் பேரம் பேசுகிறார்கள். "சின்னச் சாமான்தானே மாற்றினீர்கள்" என்கிறார்கள். எந்தச் சின்னச் சாமான் என்று கண்டுபிடித்ததற்குத்தான் அந்தப் பணம். அவருடைய மகன் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தவன், கைத்திறன் உள்ள பிள்ளை. கடையை எடுத்து நடத்தலாமா, வெளிநாடு போகலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறான். அவன் போய்விட்டால் எங்கள் ஒழுங்கையில் எந்தப் பொருளும், பழையதோ புதியதோ, நம்பகமான பொருளாக இருக்காது.

திருத்த முடியாது என்று ஆகிவிட்ட பொருளைப் பழைய இரும்பு வாங்குகிறவரின் வண்டியில் எடைக்குப் போடாதீர்கள். முதலில் திருத்துகிறவரிடம் கொண்டுபோய்க் கேளுங்கள். என் தானியங்கி இயந்திரத்தை நான் அண்ணையிடமே கொடுத்துவிட்டேன். அதன் தண்ணீர் வால்வு உரும்பிராயில் ஒரு வீட்டு இயந்திரத்துக்குப் போயிற்று, வடிபம்பி இணுவிலில் இன்னொன்றுக்கு. மோட்டரை வாங்க ஒருவர் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். தொட்டியை யாருக்கும் தேவைப்படாவிட்டால் தன் வீட்டு மாட்டுக்குத் தண்ணீர் வைக்க எடுத்துக்கொள்வதாக அண்ணை சொல்லியிருக்கிறார்.